சுவருக்கு இரண்டு பக்கமும் அத்தி

எங்கள் பக்கத்தில் ஒரு பொருளை உசத்திச் சொல்ல வேண்டுமானால் முன்னால் 'நாட்டு' என்று சேர்த்தால் போதும். நாட்டுக்கோழி, நாட்டுத் தக்காளி, நாட்டுச் சர்க்கரை. திருமங்கலம் சந்தையில் முட்டை விற்கிறவள்கூட 'நாட்டு முட்டை' என்று சொல்லும்போதுதான் குரலை ஏற்றுவாள். அதனால் நாற்றுப் பண்ணைக்காரர் என்னைப் பார்த்து, நாட்டு அத்தி வேண்டுமா சீமை அத்தி வேண்டுமா என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருக்க வேண்டும் என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நாட்டு என்றால் நல்லது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதே ஆட்கள்தான்.

அன்றைக்கு என்னோடு வந்தவள் என் ஓரகத்தி. என் கொழுந்தன் மனைவி. பசுமலையைத் தாண்டித் திருமங்கலம் போகிற பாதையில், மாமனார் விட்டுப்போன ஒரே மனையில் அண்ணன் தம்பிக்கு ஆளுக்கொரு வீடு. பின்பக்கம் தோட்டம். தோட்டத்துக்கு நடுவில் மார்பு உயரத்துக்கு ஒரு சுவர். எனக்குப் பத்து வயது இளையவள் அவள். பன்னிரண்டாவது வரை படித்தவள். நான் மூன்றாவதோடு நின்றேன். ஆனாலும் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், எங்கேயும் கைநாட்டு வைத்தது கிடையாது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு மகனும் மருமகளும் நானுமாக இந்தப் பக்கம். அவளும் கொழுந்தனும் அந்தப் பக்கம்.

அவளுக்கு ரத்தம் குறைவு. டாக்டர் அத்திப்பழம் சாப்பிடச் சொல்லியிருந்தார். கடையில் கயிற்றில் கோத்துத் தொங்குகிற காய்ந்த பழம் அவளுக்கு இறங்கவில்லை. "செருப்புத் தோலை மெல்லுற மாதிரி இருக்குக்கா. நம்மளே ஒரு மரம் வச்சா என்ன?" என்றாள். வைக்கட்டும். ஆனால் அவள் பக்கம் ஒரு மரம் நிற்கும், என் பக்கம் நிற்காது என்றால் அது எனக்குச் சரிப்படாது. மூத்தவள் நான். நானும் கிளம்பினேன்.

"பழம் திங்குற அத்தி குடுங்கண்ணே. பூனா அத்திம்பாங்கல்ல, அது," என்று அவள் பண்ணைக்காரரிடம் சொன்னாள். செல்போனில் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"இருக்குத்தா. குச்சி வச்சு வந்த கன்னு. ரெண்டாம் வருசமே காய்க்கும்," என்றவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எதுத்தா? நாட்டா, சீமையா?"

"நாட்டுதான். சீமையை எல்லாம் நம்ம வீட்டுல யாரு சீந்துவா?"

ஓரகத்தி என் முந்தானையை லேசாக இழுத்தாள். "அக்கா, நாட்டு அத்தி வேறக்கா. அது பெரிய மரமா போகும். பழத்துக்குள்ள பூச்சி இருக்குமாம். திங்க முடியாதாம்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பண்ணைக்காரர் காதில் விழுந்துவிட்டது. "தங்கச்சி வெவரமாத்தான் பேசுது," என்று சிரித்தார். அந்த மனிதர் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் மாற்றிக் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"படிச்ச பேச்சு படிச்சவளுக்கு. எனக்கு நாட்டுதான்ப்பா, எடுத்து வையி," என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது இரண்டு கன்றையும் அவள்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு முழங்கால் வலி.

அவள் தன் கன்றை வெயில் விழுகிற இடமாகப் பார்த்து, சுவரிலிருந்து எட்டடி தள்ளி வைத்தாள். குழி தோண்டி, தொழு உரம் போட்டு, வேப்பம் புண்ணாக்கு கலந்து, ஒரு வாரம் ஆறவிட்டுத்தான் வைத்தாள். நான் சுவரை ஒட்டி ஒரு குழியை வெட்டி அன்றைக்கே வைத்துவிட்டேன். மரம் என்றால் வளரத் தெரியாதா?

வளர்ந்தது. மூன்றாம் வருஷம் என் மரம் மாடிக் கைப்பிடியைத் தொட்டது. அவளுடையது அவள் தோளுக்குத்தான் வந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இரண்டையும் காட்டினேன். ஒரே நாளில் வைத்தது, பாருங்கள் என்பேன். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

மழை விட்டு மார்கழி பிறந்ததும் அவள் கத்தரியை எடுப்பாள். கொழுந்தனுடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வாள், அத்திப் பால் மேலே பட்டால் அரிக்கும். நன்றாக நிற்கிற கொப்பை எல்லாம் நறுக்கித் தள்ளிவிட்டு நாலைந்து கையை மட்டும் விட்டுவைப்பாள்.

"ஏத்தா, பச்சப்புள்ள மாதிரி நிக்குது. அதப் போயி இப்படி மொட்டை அடிக்கிறியே," என்று சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டேன்.

"அத்திக்குப் புதுக் கொப்புலதாங்கா காயி. வெட்ட வெட்டத்தான் காய்க்கும்."

பின்வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த கொழுந்தன், "ஓரகத்தின்னு சும்மாவா பேரு வச்சாங்க மதினி? உள்ளுக்குள்ள கத்தி இருக்குல்ல!" என்றான். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். வாயில் நுரையோடு அவனும் சிரித்தான்.

வெட்டிய இடத்தில் தை மாதம் துளிர் வரும். இலைக்கு ஒரு காய் என்று அடியிலிருந்து வரிசையாகக் கட்டும். பங்குனியில் பழுக்கும். பழுத்ததும் காய் கழுத்தை மடித்துத் தொங்கும், அடியில் இருக்கிற கண்ணில் ஒரு சொட்டுத் தேன் நிற்கும். அன்று காலையிலேயே பறிக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் அணிலுக்கு. அவள் பறித்ததும் முதலில் ஒரு கிண்ணத்தில் நாலைந்து வைத்து, "அக்கா," என்று குரல் கொடுத்துச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போவாள். தினமும்.

நான் மருமகளுக்குக் கொடுத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது ஒன்றை வாயில் போடுவேன். தோல் மெல்லிசாக, உள்ளே செக்கச்செவேல் என்று, விதை நறநறவென்று. அப்படி ஒரு பழத்தை நான் அதுவரை தின்றதில்லை. எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டால், "நல்லாத்தான் இருக்கு. தண்ணியக் கொஞ்சம் கொறைச்சு விடு, சப்புன்னு இருக்கு," என்பேன். அவள் தலையாட்டிக்கொள்வாள்.

ஐந்தாம் வருஷம் என் மரம் காய்த்தது. கொப்பில் இல்லை. அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாக, மரத்துக்கு அம்மை போட்ட மாதிரி. அம்புட்டுக் காய். கை கொள்ளாமல் பறிக்கலாம் என்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. சிவந்து பழுக்கட்டும் என்று காத்திருந்து, மகள் வீட்டுச் சம்பந்தி ஆரப்பாளையத்திலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேரையும் தோட்டத்தில் உட்கார வைத்தேன். சுவருக்கு மேலாக ஓரகத்தியையும் கொழுந்தனையும் கூப்பிட்டேன். அவள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

தட்டில் பத்துப் பழம். சம்பந்தியம்மாளுக்கு என்று ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டேன். உள்ளேயிருந்து பொடிப் பொடியாகப் பூச்சி கிளம்பியது. பறந்தது கொஞ்சம், என் விரல்மேல் ஊர்ந்தது கொஞ்சம். சம்பந்தியம்மாள் சட்டென்று காபி டம்ளரைக் கையால் மூடிக்கொண்டார். இன்னொன்றைப் பிட்டேன். அதிலும். மூன்றாவதிலும். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று சொலவடை இருக்கிறது. நானே எத்தனையோ பேரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். அது மனிதர்களைப் பற்றிய பேச்சு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"கம்மாக்கரையில நிக்குமே மதினி, குருவி கொத்துற மரம், அதுதான் இது," என்றான் கொழுந்தன்.

ஓரகத்தி சிரித்துவிட்டாள். "அன்னைக்கே சொன்னேன்லக்கா, நீங்கதான் கேக்கல," என்றாள்.

சிரிப்பு வந்தால் யார்தான் அடக்குவார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் சம்பந்தி முன்னால் சிரித்தாள். சொன்னேன் என்றும் சொன்னாள். இரண்டில் ஒன்றை அவள் விட்டிருக்கலாம்.

மறுநாள் காலையில் "அக்கா" என்று குரல் வந்தது. சுவர்மேல் கிண்ணம். நான் அதை எடுத்து அவள் பக்கமே திருப்பி வைத்தேன். "நாங்க பூச்சிப் பழம் திங்கிற வம்சம்த்தா. நல்ல பழமெல்லாம் எங்களுக்குச் செரிக்காது," என்றேன். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது.

அந்த வருஷமே நான் தனியாகப் பஸ் ஏறி வேறொரு பண்ணைக்குப் போனேன். பூனா ஒன்று, 'டயானா' என்று சொல்லி அவர்கள் விற்ற பெரிய பழ ரகம் ஒன்று, இரண்டையும் வாங்கி வந்தேன். எப்படி வளர்ப்பது என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் நடந்துகொண்டுதானே இருந்தது. அவள் புண்ணாக்கு வைத்தால் மறுநாள் நான் வைப்பேன். அவள் தண்ணீரை நிறுத்தினால் நானும் நிறுத்துவேன். அவள் எத்தனை கணு விட்டு வெட்டுகிறாள் என்று துணி காயப்போடுகிற சாக்கில் எண்ணிக்கொள்வேன். அவளுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. வெட்டுகிற நாளில் அவள் கொஞ்சம் நிதானமாகவே வெட்டினாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

இரண்டும் காய்த்தன. டயானா பெரிய பழம், மஞ்சளும் பச்சையுமாக உள்ளங்கை நிறைக்கும். ஆனால் எண்ணிக்கை குறைவு, தண்ணீர் ஒரு நாள் கூடினால் வெடித்துவிடும். பூனாதான் வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றது. பழம் சின்னதுதான், ஆனால் பங்குனி சித்திரை இரண்டு மாதமும் காலையில் ஒரு கை நிறைய இல்லாமல் போகாது. பழைய நைலான் சேலையைச் சுற்றிக் கட்டி அணிலையும் வௌவாலையும் தடுத்தேன். சுவர் ஓரமாக, அவள் துணி துவைக்கிற நேரமாகப் பார்த்து நின்று தின்றேன். ஒரு நாளாவது நிமிர்ந்து பார்ப்பாள் என்று நினைத்தேன். துவைக்கிற சத்தம் ஒரு அடிகூடப் பிசகவில்லை.

நாட்டு மரம் அதுபாட்டுக்கு நின்றது. அதற்கு யாரும் தண்ணீர் விடவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. நிழல் மட்டும் கொடுத்தது.

அதற்கடுத்த வருஷம் அவள் பூனாவின் இலை வெளுத்தது. காய் கோலிக்குண்டு அளவிலேயே உதிர்ந்தது. வேர் ஓரத்தில் மண்ணைக் கிளறி அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கையில் ஒரு வேர்த்துண்டு, கருகமணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாக. அவள் சுற்றிலும் செண்டுப்பூச் செடி நட்டாள். புண்ணாக்கைக் கூட்டி வைத்தாள். மரம் தேறவில்லை. அடுத்த கார்த்திகையில் என் பூனாவும் வெளுக்கத் தொடங்கியது.

அப்போதுதான் அவள் சுவர் ஓரம் வந்தாள்.

"அக்கா."

மூன்று வருஷத்துக்குப் பிறகு. நான் கொடியில் சேலையை உதறிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. கை மட்டும் நின்றது.

"மண்ணுக்குள்ள புழுவாங்கா. கண்ணுக்கே தெரியாதாம். வேரைப் புடிச்சு முடிச்சுப் போட்டுருது. என்னோடது போச்சு. உங்களதும் எலை வெளுக்குது, பாத்தேன்."

"சரி. அதுக்கு?"

"நாட்டு அத்தி வேரை அந்தப் புழு ஒண்ணும் பண்ணாதாம்." அவள் என் மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க மரத்த முழங்கால் ஒசரத்துக்கு அறுத்து விட்டோம்னா சுத்தித் துளுக்கும். அந்தத் துளிர்ல எங்குச்சிய ஒட்டுக் கட்டலாம். உங்க வேரு, எங்குச்சி. சுவத்துக்கு மேல ரெண்டு பக்கமும் படரவிட்டா ரெண்டு வீட்டுக்கும் பழம். எம்மரம் சாகுறதுக்குள்ள குச்சி எடுத்தாத்தாங்கா உண்டு."

நான் சேலையைக் கொடியில் விரித்தேன்.

"ஒட்டுக் கட்டப் பழகிட்டேங்கா, செம்பருத்தில கட்டிக் கட்டி. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். மரத்த மட்டும் குடுங்க. அது சும்மாதானக்கா நிக்குது."

நல்ல பேச்சு. முழுவதும் நல்ல பேச்சு. கடைசியில் அந்தச் 'சும்மா' மட்டும் வராமல் இருந்திருக்கலாம். என் வீட்டுக்காரர் போனபிறகு மருமகள் போனில் தன் அம்மாவிடம், "அத்தை சும்மாதான் இருக்காங்க," என்று சொன்னதை அடுப்படியில் நின்று கேட்டிருக்கிறேன். அவளும் ஒரு கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சும்மா இருக்கிற ஆளை நாலு பேர் உபயோகமாக வெட்டிக்கொள்ளலாம் என்றுதான் உலகம் நினைக்கிறது.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அவசரம் இல்லக்கா. மார்கழி கழியட்டும். தையில கட்டுனாப் போதும். வாரேங்கா," என்று உள்ளே போனாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் என் கொழுந்தனிடம், "அக்கா பேசிட்டாங்க," என்று சொன்னது எனக்குக் கேட்டது. அது கேட்ட பிறகும் நான் செய்ததைத்தான் செய்தேன். அதனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நாலாம் நாள் அவளும் கொழுந்தனும் ரத்தம் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். மரம் வெட்டுகிறவரை வரச் சொல்லியிருந்தேன். மிஷின் ரம்பத்தோடு வந்தார். கொப்பெல்லாம் இறக்கி, அடிமரத்தை அறுக்கும்போது நிறுத்தினார்.

"ஆத்தா, முழங்கால் ஒசரம் விட்டுறவா? துளுத்துக்கிரும்."

அவருக்கும் அந்த உயரம்தான் வாயில் வந்தது.

"வேரோட எடு."

"பால் மரம்த்தா. எப்படி வடியுதுன்னு பாருங்க. பாவமா இருக்கு."

"பாவத்தை எங்கணக்குல வச்சுக்கிறேன். நீ எடு."

கடப்பாரை போட்டு மதியம் வரை தோண்டினார். ஒரு வேர் என் தொடைப் பருமன், சுவருக்கு அடியில் புகுந்து அவள் தோட்டத்துக்குள் போயிருந்தது. இழுத்தால் சுவர் விழும் என்று அதைச் சுவர் ஓரத்தில் வெட்டிவிட்டார். அந்தப் பக்கத்து மிச்சத்தில் உயிர் இருந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. ஒரு துளிரும் வரவில்லை.

அவள் மூன்று மணிக்கு வந்தாள். ரத்தம் எடுத்த கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. பின்வாசலைத் திறந்தவள் வெளிச்சம் கூடுதலாக இருப்பதைப் பார்த்துத்தான் சுவர் ஓரம் வந்திருக்க வேண்டும். நான் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சண்டைக்கு வருவாள், நானும் பதிலுக்குப் பேசலாம் என்று வார்த்தையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். என் மரம், என் இஷ்டம். சும்மா நின்ற மரம்தானே. இப்படி நிறைய.

அவள் குழியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வேரையுமாக்கா?" என்றாள்.

அவ்வளவுதான். திரும்பி உள்ளே போனாள். அவள் கதவைச் சாத்துகிற சத்தம்கூட மெதுவாகத்தான் வந்தது.

அவள் பூனா அந்தச் சித்திரையில் பட்டது. என்னுடையவை இரண்டும் அடுத்த வருஷம். சுவருக்கு இரண்டு பக்கமும் இப்போது வெறும் மண். அவள் வீட்டில் கயிற்றுப் பழம் வாங்குகிறார்கள், கொழுந்தன் பையில் பார்த்தேன். விசேஷ வீடுகளில் எதிரே வந்தால், "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்பாள். "ஆச்சு," என்பேன். நாலு பேர் பார்வைக்கு எங்களுக்குள் ஒன்றும் இல்லை. உண்மையிலேயே ஒன்றும் இல்லைதான்.

போன மாதம் கொழுந்தன் சுவர் ஓரம் வந்து நின்றான். அவனுக்கும் வயதாகிவிட்டது, பேச்சில் பழைய விளையாட்டு இல்லை. "மதினி, பண்ணையில இப்ப ஒட்டுக் கன்னாவே வருதாம். அடியில நாட்டு அத்தி, மேல பூனா. வேர்ப்பூச்சி அண்டாதாம். எங்களுக்கு ஒண்ணு வாங்கப் போறேன். உங்களுக்கும் ஒண்ணு எடுத்தாரவா?"

வாங்கி வரச் சொல்லியிருக்கலாம். அவன் கொண்டு வந்து கொடுப்பான், குழியும் வெட்டித் தருவான். மார்கழியில் அவள் அந்தப் பக்கம் வெட்டுவாள், நான் இந்தப் பக்கம் வெட்டுவேன். மறுபடியும் பழம் வரும். ஆனால் அந்த ஒட்டைப் பார்க்கிறபோதெல்லாம், நான் தோண்டி எறிந்ததைத்தான் பார்ப்பேன். தினமும் எழுந்ததும் அதன் முகத்தில் விழிக்க எனக்கு முடியாது. அதை அவனிடம் சொல்லவும் முடியாது.

"வேணாம்யா. இனி எனக்கு எதுக்கு மரம்," என்றேன்.

அவன் உள்ளே போனான். நான் துணி எடுக்கிற மாதிரி அங்கேயே நின்றேன். அவர்கள் பின்வாசல் திறந்திருந்தது.

"மதினி வேணாம்னுட்டாங்க," என்றான்.

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

என்ன தெரியும் உனக்கு என்று சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டுவிட வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.